குழிக்குள் குடியிருப்பவர் அவர்களுக்கு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு.

நடுவில், கைவைத்த நாற்காலியில், தலைவர் தெய்வநாயகம் வீட்டுச் செல்போன். அதற்கு வலப்புறம், தலையணை போட்ட நாற்காலியில், ரெஜினா டீச்சர் வீட்டுச் செல்போன். இடப்புறம் மேல்மாடிக்காரர்களின் செல்போன்கள், வரிசையாக, சட்னிக் கறையோடு. செயலாளர் பொன்னுத்துரை வீட்டுச் செல்போன், தரையில் சம்மணமிட்டிருந்த அவர் மனைவி செண்பகவல்லியின் மடியில். அதற்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். மடியை விட்டு இறக்கினால் அழும். மற்றப் பெரியவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். பிள்ளைகள் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தார்கள். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.

இதை எல்லாம் பொன்னுத்துரை முறையாக எழுதிக்கொண்டார். இடம், குறிஞ்சி அடுக்ககத்தின் கூட்ட அறை. நாள், சனிக்கிழமை. நேரம், காலை. அறை முழுக்கப் புளித்த தயிர் வாடை. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

இந்த நிலைமையை யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. அடுக்ககத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஒரே வழிதான் இருந்தது. செல்போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். பிள்ளை வாயைப் பிளக்கும். உருண்டையை உள்ளே தள்ள வேண்டும். மென்றதா, விழுங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஊட்டுகிறவர்களின் கண்ணும் திரையில்தான் இருந்தது. கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இருந்தால் கை தடுமாறாமல் என்ன செய்யும்? ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு மத்தியானம், பருப்புச் சோற்று உருண்டை ஒன்று பிள்ளை வாய்க்குப் போகாமல் செல்போனுக்குப் போனது. செல்போன் அதை வாங்கிக்கொண்டது. அடுத்த உருண்டைக்கும் வாயைத் திறந்தது.

தட்டு காலியானது. தட்டு காலியாகிவிட்டால் அந்த அடுக்ககத்தில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. “இன்னைக்கு நல்லாச் சாப்ட்டுட்டான்” என்று சந்தோஷமாகக் கை கழுவினார்கள்.

பிறகு எல்லா வீட்டிலும் அதுவே நடந்தது. செல்போன்கள் தேறின. அவற்றுக்குத் தொப்பை விழுந்தது. ஓரங்களில் உதடு மாதிரி ஒன்று தடித்து வந்தது. பிள்ளைகள் இளைத்தார்கள். முதலில் அட்டை கனத்துக்கு வந்தார்கள். அப்புறம் காகித கனத்துக்கு வந்தார்கள். அடம் பிடிப்பதில்லை, ஓடுவதில்லை, எதையும் உடைப்பதில்லை. நல்ல வளர்ப்பு என்று எல்லா வீட்டிலும் பேசிக்கொண்டார்கள்.

பொன்னுத்துரைக்குத் தம் வீட்டுச் செல்போனைக் கண்டாலே குமட்டியது. அதன் ஓரத்தில் எப்போதும் நெய் கசிந்தது. சார்ஜர் செருகும் துளைக்குள் எறும்புகள் சாரிசாரியாகப் போய் வந்தன. அடிப்பக்கம் தவளை வயிறு மாதிரி ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. “ரசத்தை எறக்கிட்டு வாரேன், கொஞ்சம் வச்சுக்கிடுங்க” என்று செண்பகவல்லி கொடுத்தால், கையை மட்டும் நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வாங்குவார். அது அவர் கட்டைவிரலை நக்கும். அவர் குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவார். மறுபடியும் கழுவுவார். வாடை போகாது.

“அவனக் கொஞ்சத்தான் செய்யுங்களேன்” என்பாள் செண்பகவல்லி. “என்ன பாவம் செஞ்சான் அவன்? தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டான்.”

அவர்களுடைய மகள் இளவேனிலுக்கு ஏழு வயது. மற்ற வீட்டார் பிள்ளைகளைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு எடுத்துவந்திருந்தார்கள். பொன்னுத்துரை அப்படிச் செய்வதில்லை. மடிப்பு விழுந்தால் அப்புறம் போகாது. அவர் அவளைப் பரீட்சை அட்டையின் மேல் வைத்து, சட்டைக் காலரை மட்டும் கிளிப்பில் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவருவார்.

தலைவர் தெய்வநாயகம் பேரனைச் சுருள் பிரித்துக் கையில் எடுத்து விசிறிக்கொண்டே பேச ஆரம்பித்தார். பேரன் நல்ல காற்று தந்தான்.

“வேற ஒண்ணுமில்ல. பின்மனை விசயந்தான். நம்ம கட்டடத்துக்குப் பின்னால மண்ணு கெடக்கு. சும்மா கெடக்கு. எல்லாரும் பாத்திருப்பீய.”

யாரும் பார்த்திருக்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

“அங்கன சிமெண்ட் போட்டுத் தளத்த இறுக்கி, மேல தகரம் போட்டு, நம்ம தம்பிமாருக்கு ஒரு சார்ஜ் மண்டபம் கட்டிரலாம்னு இருக்கேன்.”

செல்போன்கள் நாற்காலிகளில் நெளிந்து சந்தோஷப்பட்டன. ஒன்று ஏப்பம் விட்டது. முட்டைப் பொரியல் வாடை எழுந்து சுற்றி வந்தது.

பொன்னுத்துரை மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். “மண்ணாவே கெடந்தா என்ன அண்ணாச்சி?”

“கெடந்தா மொளைக்கும்.”

“மொளைச்சா?”

“பூச்சி வரும்.”

“வந்தா?”

“பிள்ளையள் பாக்கும்.”

“பாத்தா?”

தலைவர் விசிறுவதை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார். “எறங்கும்.”

ரெஜினா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “சீ, அந்தப் பேச்ச ஏன் எடுக்கீய? எங்க சின்னவன் இப்பத்தான் இடியாப்பம் சாப்ட்டிருக்கான். கேட்டா கக்கிருவான்.”

“சரி, சரி. காண்ட்ராக்டர் லாரியோட தெருமுக்குல நிக்கான்” என்றார் தலைவர். “கலவை சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம கடிதம் அவன் கைக்குப் போன ஒடனே கொட்டிருவான். கடிதம் இல்லாம ஒரு சட்டி கொட்ட மாட்டான். அம்புட்டு நல்ல மனுசன். மத்தியானத்துக்குள்ள கொட்டலைன்னா கலவை உள்ளயே இறுகிரும். அப்புறம் லாரியத்தான் பொதைக்கணும். அதனால செயலாளர் இப்பவே இங்கனயே உக்காந்து கடிதத்த எழுதிக் கவர்ல போட்டு ஒட்டணும். அதுவரைக்கும் கூட்டம் கலையாது.”

பொன்னுத்துரை பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்போது பரீட்சை அட்டையிலிருந்து சத்தம் வந்தது.

“அப்பா.”

இளவேனில் பேசி வெகு நாள் ஆகியிருந்தது. பேச்சு சருகு நகர்வது போல் இருந்தது.

“என்ன மக்கா?”

“பின்னால மண்ணுல சின்னச் சின்னதாக் குழி இருக்குப்பா. புனல் மாரி. அதெல்லாம் யாரு வீடு?”

“நீ எப்பட்டி பாத்த?”

“எம்மேல ரசம் கொட்டிருச்சுல்லா. அம்மா அலசி, பின்பக்கத்து பால்கனிக் கொடியில காயப் போட்டாவ. அப்பம் பாத்தேன்.”

அவள் சொல்லி முடித்ததும் அட்டையின் மேல் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. பொன்னுத்துரை விரலால் தொட்டுப் பார்த்தார். அது கன்னம். காகிதமாக இருந்த இடத்தில் கன்னம் வந்திருந்தது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

“மண்ணுல புனல் மாரிக் குழி இருக்காம். அதுல யாரு இருக்காவன்னு யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை.

“தம்பிகிட்டக் கேளுங்க” என்றார் தலைவர்.

தலைவர் வீட்டுச் செல்போனைக் கேட்டார்கள். அது போர்வெல் விளம்பரம் காட்டியது. பிறகு உதட்டுச் சாயம் காட்டியது. பிறகு ஒரு பூனை ஆடுவதைக் காட்டியது. எல்லாரும் பூனையைப் பார்த்தார்கள்.

“தெளிவாச் சொல்லிட்டான்லா” என்றார் தலைவர். “எழுதும்.”

“போய்ப் பாத்தாத் தெரிஞ்சிரும்லாப்பா” என்றாள் இளவேனில். இப்போது மூக்கு வந்தது. சின்ன மூக்கு. பொன்னுத்துரைக்கு அந்த மூக்கின் சாயலே மறந்து போயிருந்தது. அது அவருடைய அக்காவின் மூக்கு.

அவர் எழுந்தார். “எடத்தோட அளவு இல்லாம கடிதம் எழுதப்படாது. போய் அளந்துட்டு வந்திருதேன்.”

“பிள்ளைய ஏன் எடுத்துட்டுப் போறீய?” என்றாள் செண்பகவல்லி.

“அட்டை வேணும்லா. நின்னுக்கிட்டு எதுல வச்சுக் குறிக்க?”

அவள் பதில் சொல்வதற்குள் மடியிலிருந்தது சிணுங்கியது. அவள் அதைத் தட்டிக் கொடுக்கத் திரும்பிவிட்டாள்.

நடைவழி அன்றைக்கு நீளமாக இருந்தது. வெளியே போகிறவர்களுக்கு அது நீளும். இதைப் பற்றிப் பொன்னுத்துரை முன்பே பல முறை எழுதிப் போட்டிருக்கிறார். எழுதிப் போட்ட தபாலும் அந்த நடைவழியில் போனதுதான், திரும்பி வரவில்லை.

இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு கதவுக்குள்ளும் யாரோ ஒருத்தி குந்தியிருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். “ஒரு வாய். ஒரே ஒரு வாய்டா என் கண்ணு.” ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகளின் செருப்புகள் இருந்தன. எல்லாம் புதுசு. அடியில் ஒட்டிய விலைச்சீட்டுகூடத் தேயவில்லை. தரை பிசுபிசுத்தது. கால் வைத்தால் விடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகள் காய்ந்து மஞ்சளாகி, அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தன. அவர் அவற்றைப் பார்க்காமல் நடந்தார்.

“அப்பா, பருக்கை ஏன் நடக்கு?”

“தெரியலட்டி.”

“செவுரு எதுக்கு நக்குனாப்ல இருக்கு?”

“தெரியல மக்கா.”

“தெரியலைன்னா பாக்கலாம்லா?”

கேட்கக் கேட்க அட்டை கனத்தது. காது வந்தது. முழங்கை வந்து அவர் விலாவில் இடித்தது. நல்ல வலி. அவர் இன்னொரு முறை இடிக்கட்டும் என்று அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பின்வாசலில் காவல்காரர் சுடலையின் நாற்காலி காலியாக இருந்தது. சுடலை மேசை மேல் இருந்த திரைக்குள், இடது ஓரத்தில், சின்னதாக உட்கார்ந்திருந்தார். கேமரா வைத்த நாளிலிருந்து அவர் அங்கேதான் இருக்கிறார். சம்பளத்தைத் திரைக்குப் பின்பக்கமாகச் செருகுவார்கள்.

“எங்கன அண்ணாச்சி?” என்றார் சுடலை.

“பின்மனைக்கு. அளக்கணும்.”

“நீங்க போலாம். கக்கத்துல என்னது?”

“எம்மவ.”

“பிள்ளைய வெளிய விடணும்னா தம்பி கூட வரணும்லா.”

“அவன் எப்படி வருவான்? வெயில்ல அவனுக்கு மூஞ்சி தெரியாதுன்னு வரமாட்டான்.”

“அப்பம் பிள்ளையும் வராது. நான் யாருக்கும் ஓரவஞ்சன செய்ய மாட்டேன்.”

“வேற என்னதான்வே வெளிய போவலாம்?”

சுடலை திரைக்குள் யோசித்தார். யோசித்த நேரம் அவர் முகம் கட்டம் கட்டமாக நின்றுபோனது. பிறகு ஓடியது. “குப்பை போவலாம். சாக்கடைத் தண்ணி போவலாம். தபால் போவலாம்.”

பொன்னுத்துரை கம்பிக் கதவு வழியாகப் பார்த்தார். மண் இருந்தது. யாரும் மிதிக்காத மண். வெயில் அதன் மேல் வேலை ஏதுமில்லாமல் கிடந்தது. நிறையக் குழிகள், புனல் புனலாக, இளவேனில் சொன்ன மாதிரியே. அட்டையை அவளுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

ஓர் எறும்பு வந்தது. குழியின் விளிம்பில் நின்றது. கால் வழுக்கியது. ஏறப் பார்த்தது. குழிக்குள்ளிருந்து மண் எழும்பி அதன் மேல் விழுந்தது. எறும்பு சரிந்தது.

“அப்பா! உள்ள இருந்து யாரோ மண்ண எறியாவ!”

கிளிப் தெறித்துக் கழன்றது. அட்டையிலிருந்து ஒரு கால் கீழே வந்தது. முழுசான கால். ஐந்து விரலும் நகமும் முழங்கால் முட்டியும் இருந்த கால். அது கம்பிக்கு அடியில் சிதறிக் கிடந்த மண்ணில் ஊன்றிக்கொண்டது. இளவேனில் ஒரு பக்கம் காகிதமும் ஒரு பக்கம் பிள்ளையுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எதுக்கு எறியாவ? அவுகளுக்குக் கோவமா? எறும்பு என்ன செஞ்சுது? கையால எறியாவளா, வாயாலயா?”

சுடலை திரைக்குள்ளிருந்து விசிலை ஊதினார்.

திரும்புகிறவர்களுக்கு நடைவழி நீளாது. பொன்னுத்துரை ஒரே ஒரு எட்டு வைத்தார். கூட்ட அறைக்குள் இருந்தார்.

செண்பகவல்லிதான் முதலில் பார்த்தாள். “ஐயோ, இது என்னங்க? இவளுக்குக் காலு வந்திருக்கு! எல்லாரும் பாக்காவ.”

“காலா?” என்று ரெஜினா டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “பெருவிரல்ல மண்ணு வேற. இங்க சின்னவங்க இருக்கிற எடம். கொஞ்சம் மூடுங்களேன்.”

செண்பகவல்லி வெட்கத்தில் வேர்த்துப்போய், மடியிலிருந்த செல்போனை எடுத்து மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது பாட்டுப் போட்டது. நிறம் நிறமாகப் பந்துகள் குதித்தன. இளவேனில் அதைப் பார்த்தாள். முழங்கால் முட்டி மறைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கன்னம் போயிற்று. மூக்கு போயிற்று. அவள் காகிதமாகித் தரையில் சரிந்தாள். செல்போன் உதட்டை நக்கிக்கொண்டது.

“இப்பந்தான் அழகா இருக்கா” என்றார் தலைவர்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, அவர் வீட்டுச் செல்போன் கக்கியது. காலையிலிருந்து பொங்கலும் வடையும் ஏற்றியிருந்தார்கள். எல்லாம் வந்தது. நாற்காலி வழிந்து தரைக்கு வந்தது. அதில் முழு முந்திரி இருந்தது. பல் படாத, நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரி. பொன்னுத்துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாயில் உப்பு நீர் ஊறியது.

“தொடைக்க எதாவது குடுங்க, தொடைக்க எதாவது!” என்றார் தலைவர்.

ரெஜினா டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்தார். கைக்கு எட்டிய தாளை எடுத்தார். எடுத்துக் கசக்கப் போனார். அது இளவேனில்.

பொன்னுத்துரை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “டீச்சர்! அது எம்பிள்ள!”

“பிள்ளைதான?” என்றார் டீச்சர். அவருக்குக் கோபம்கூட இல்லை. “அலசிப் போட்டாப் போயிரும்.”

அறையில் யாரும் நிமிரவில்லை. செண்பகவல்லி மட்டும் நிமிர்ந்தாள். டீச்சரின் கையையும், அந்தக் கையில் பாதி கசங்கியிருந்த மகளின் சட்டைக் காலரையும் பார்த்தாள். மடியில் இருந்தது சிணுங்கியது. அவள் அதைத் தட்டிக் கொடுக்கவில்லை.

பொன்னுத்துரை தம் துண்டை உதறித் தரையில் போட்டார். மகளை வாங்கி மேசை மேல் வைத்து, உள்ளங்கையால் கசங்கலை நீவினார். பிறகு உட்கார்ந்து எழுதினார். ஓரத்தில் விரல் அகலம் இடம் விட்டார். அனுப்புநர் எழுதினார். பெறுநர் எழுதினார். எழுதி முடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாசிச்சுக் காட்டுதேன்.”

“எதுக்கு?” என்றார் தலைவர். “நீரு எழுதினாச் சரியாத்தான் இருக்கும்.”

“மொற இருக்குல்லா அண்ணாச்சி. நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லப்படாது.”

அவர் எழுந்து நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“அனுப்புநர், செயலாளர், குறிஞ்சி அடுக்ககம். பெறுநர், குழிக்குள் குடியிருப்பவர் அவர்கள், பின்மனை, குறிஞ்சி அடுக்ககம். ஐயா அல்லது அம்மா, வணக்கம். தாங்கள் எங்களுக்குப் பின்னால் இத்தனை காலம் குடியிருந்தும் நாங்கள் வந்து விசாரிக்கவில்லை. மன்னிக்கவும். இத்துடன் எங்கள் மகள் இளவேனிலை இணைத்துள்ளோம். அவளுக்குத் தங்களிடம் கேட்க வேண்டியவை நிறைய உள்ளன. பதிலை அவளிடமே தெரிவிக்கவும். பதில் சொல்ல விருப்பம் இல்லையானால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவாவது விடவும். அவள் மேல் மண் எறிந்தால் பொருட்படுத்த மாட்டாள் என்று நம்புகிறோம். அவள் விழுந்தால் தூக்கிவிட வேண்டியதில்லை. பசித்தால் அவளே கேட்பாள். அவளைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டாம். வந்தால் நடந்து வரட்டும். இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள, பொன்னுத்துரை.”

திரையில் பூனை ஆடிக்கொண்டிருந்தது.

“பிரமாதம்” என்றார் தலைவர். “எங்கன கையெழுத்துப் போடணும்?”

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கண் திரையில் இருந்ததால் கையெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. தலைவர் சங்கத்தின் முத்திரையைக் குத்தினார். கொஞ்சம் நெய் ஒட்டியது.

தெருமுக்கிலிருந்து லாரி ஹாரன் அடித்தது.

“இந்தா வந்துட்டு இருக்கு, இந்தா வந்துட்டு இருக்குன்னு சொல்லுங்க” என்றார் தலைவர் யாரையோ பார்த்து. யாரும் போய்ச் சொல்லவில்லை.

பொன்னுத்துரை இருப்பதிலேயே பெரிய பழுப்புக் கவரை எடுத்தார். கடிதத்தை உள்ளே வைத்தார். மகளை எடுத்தார். அவளுக்குக் கேட்கும்படி மட்டும் பேசினார்.

“வேனிலு. உள்ள போற வரைக்கும் எதுவும் கேக்காத.”

“ஏன்?”

உடனே தாடை வந்தது. அவர் அது அமுங்கும்வரை காத்திருந்தார். “கேட்டாக் கவர் பத்தாதுட்டி. ஒட்டுத வரைக்கும் பொறுத்துக்க. அப்புறம் ஒன் இஷ்டம்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். கேட்காதே என்கிற சொல் தம் வாயிலிருந்து வந்ததை நினைத்தபோது, முந்திரியைப் பார்த்ததைவிட அவருக்கு அதிகமாகக் குமட்டியது.

செண்பகவல்லி எழுந்து வந்தாள். ஒரு கையால் செல்போனைத் தூக்கிப் பிடித்து, பாட்டை உச்சத்துக்கு வைத்தாள். பொன்னுத்துரை மகளைக் கவருக்குள் இறக்கினார். கவர் சரசரப்பது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு கையால் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஒரு துண்டு கடலை மிட்டாய். அதைப் பல்லால் கடித்துச் சில்லாக்கி, மகளின் கைப்பக்கமாகக் கவருக்குள் நழுவவிட்டாள். நழுவவிடும்போது அவள் கவருக்குள்தான் பார்த்தாள்.

“அவ வாய்க்குத்தான போவும்?” என்றாள்.

“வேற யாரு இருக்கா உள்ள?” என்றார் பொன்னுத்துரை.

மேல்மடிப்பில் பசை பூசினார். ஒட்டப் போனபோது, உள்ளிருந்து இரண்டு விரல் நீண்டு, மடிப்பைப் பிடித்துத் தானே இழுத்து ஒட்டிக்கொண்டது. அவர் நகத்தால் ஓரத்தை அழுத்தி நீவினார். மேலே முகவரி எழுதி, இன்னொரு முத்திரை குத்தினார். கடிதம் மூடப்பட்டது.

தபால்காரம்மா எஸ்தர் அன்றைய தபாலோடு வாசலில் வந்து நின்றாள். காலில் செம்மண். செல்போன்கள் அவள் காலைப் பார்த்து முகம் சுளித்தன. அவள் கவரை வாங்கிக் கையால் எடை பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, இந்தக் கனம் கனக்கு?”

“கேக்க வேண்டியது இருக்கு.”

“இந்தா இருக்கிற பின்மனைக்கா? மதுரைக்கு அனுப்பிச் சுத்தி வரணும்னு இல்ல. நானே போட்டுருதேன்.” முகவரியை அவள் ஒருத்திதான் வாசித்தாள்.

கவருக்குள்ளிருந்து குரல் வந்தது. “பசைய எதுல செய்வாவ?”

கவர் ஒரு பக்கம் புடைத்தது. தோள்.

“இது என்ன இருட்டா இருக்கு? இருட்டு எங்கேருந்து வருது? கடலைய யாரு முட்டாயிக்குள்ள வச்சா?”

கவர் எல்லாப் பக்கமும் புடைத்தது. ஒரு மூலை கிழிந்து பெருவிரல் வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்த்தது. எஸ்தர் பையின் வாயை அகட்டிப் பார்த்தாள். கொள்ளவில்லை.

தெருமுக்கில் கலவை சுற்றுகிற சத்தம் மெதுவாகியது. பிறகு நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. தலைவர் பேரனை எடுத்து விசிறிக்கொண்டார். “போயிட்டா கடிதம்?”

“போவுது அண்ணாச்சி” என்றார் பொன்னுத்துரை.

திரைக்குள்ளிருந்து சுடலையின் குரல் நடைவழியில் எதிரொலித்து வந்தது. “யாரது? தபாலா? போலாம், போலாம்.”

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செண்பகவல்லி செல்போனைத் தரையில் வைத்துவிட்டு, அது அழ அழ, ஜன்னலுக்கு ஓடினாள். பொன்னுத்துரையும் போனார். வெளியே பின்மனை வெயிலில் எஸ்தர் போய்க்கொண்டிருந்தாள். பையில் கொள்ளாததால் கவரை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். கவருக்கு வெளியே இரண்டு காலும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.